சியூ மின்னின் தலைமுடி

பெஸ்தாரி ஜெயா முச்சந்தியில் அந்த விளம்பரப் பலகையை நட்ட நாளிலிருந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது எனக்குப் பெரிய ரோதனையாகிவிட்டது. ஊருக்குப் புதுப்பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டாலும் அம்மாவுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். பழையதை விடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் நேர் எதிரே பலகையில் சியூ மின் சிரிப்பாள். ஒரு கையில் பூப்பந்து மட்டை. இன்னொரு பக்கம் தோளிலிருந்து இறங்கிப் பலகையின் ஓரம்வரை வழிந்து கிடக்கும் கறுத்த முடி, ஒரு லோரி நீளத்துக்கு. அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

“ஆத்தா சொத்து. ரோட்டோரத்துல தொங்குது பாரு.”

“மா, அது ஷாம்பு விளம்பரம்.”

“எனக்குத் தெரியாதா? ஷாம்புக்காரனுக்குத்தான் தெரியாது, யாரு முடிய வச்சு வியாபாரம் பண்றோம்னு.”

பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அம்மா கும்பிட்டுக்கொண்டிருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போடுவேன்.

சியூ மின்னை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் கொஞ்ச காலம் நாடே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு அதே கையால் கீழே போட்டுவிட்டது. அவளுடைய பெற்றோர் பாசீர் பெனாம்பாங் மீன்காரர்கள். எங்கள் ஊர் மார்க்கெட்டில் அவர்களுக்கு ஒரு கடை இருந்தது. விடிவதற்கு முன்பே ஐஸ் பெட்டிகளோடு வேனில் வருவார்கள். பெட்டிகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். அம்மா அப்போது தோட்ட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். இவள் மட்டும் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தாள். என்னோடு ரசம் சோறு தின்றாள், என்னோடு அடி வாங்கினாள், நான் ‘மா’ என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தானும் ‘மா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாலையில் பெண்கள் எங்கள் இருவரையும் தாமான் குடியிருப்பு மண்டபத்துக்கு விளையாட அனுப்புவார் அம்மா. நாங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு ஓய்வு கிடைக்காது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த மண்டபத்தில்தான் அவள் மட்டையைப் பிடித்தாள். நானும்தான் பிடித்தேன். என்னை எவரும் விளம்பரப் பலகையில் போடவில்லை. அவளை ஆரம்பப்பள்ளி முடிந்ததும் விளையாட்டுப் பள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் கணக்கியல் படித்து, புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். சியூ மின்னுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது பேங்காக்கில் அவளுடைய முதல் பெரிய இறுதி ஆட்டம். நான் அப்போது ஷா ஆலாமில் விடுதியில் இருந்தேன். அம்மா தனியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாவது செட். எதிராளிக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அம்மா எழுந்து சாமி மேடைக்கு ஓடியிருக்கிறார். ‘ஆத்தா, இந்தப் புள்ளைய ஜெயிக்க வச்சிடு, அவ முடிய உன் வாசல்ல எறக்கிடறேன்’ என்று சத்தம் போட்டு வேண்டிக்கொண்டு திரும்பி வந்தால், எதிராளி பந்தை வலையில் அடித்திருக்கிறாள். அதன் பிறகு ஜெயித்தது சியூ மின்தான்.

எங்கள் ஆட்களிடம் இது புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வேண்டிக்கொள்வாள், பிள்ளையின் முடி இறங்கும். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் பிள்ளை பெரும்பாலும் பால் குடிக்கிற வயதில் இருக்கும். இங்கே பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. கோடு தவறாமல் பந்தடிக்கிற வயது. அதோடு அது அடுத்தவர் வீட்டுப் பிள்ளை, சீனர்களின் தோக்கோங் கோயிலில் ஊதுவத்தி கொளுத்துகிற வீட்டுப் பிள்ளை. பெற்றவளுக்குத் தெரியாது, முடியின் சொந்தக்காரிக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. தான் பெற்ற பிள்ளைக்கு வேண்டுகிற மாதிரி வேண்டிவிட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மேடையில் வைத்துவிட்டார்.

சரி, வேண்டியதை அவளிடம் சொன்னாரா? அதுவும் இல்லை. “வரட்டும் சொல்லிக்குவோம்னு இருந்தேன்” என்கிறார். அவள் பெருநாளுக்கு ஒரு நாள், அரை நாள் வந்து போவாள். வந்தால் சாப்பாடு போடுவதற்கும் இளைத்துவிட்டாய் என்று திட்டுவதற்கும்தான் நேரம் சரியாக இருந்ததாம். இப்படியே வருடங்கள் ஓடின.

போன வருடத்துக்கு முந்தின வருடம் சுராபாயாவில் துள்ளியடித்துவிட்டு இறங்கும்போது அவளுக்கு வலது முட்டியில் நரம்பு அறுந்தது. கைப்பேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தரையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அழவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் கையை இறுக்கிக்கொண்டு, அன்றுதான் முதல்முதலாக அந்த மஞ்சள் முடிச்சைப் பற்றிச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியை வீசாமல் இருந்ததே பெரிது.

அறுவை சிகிச்சை முடிந்து அவள் நடக்கத் தொடங்குவதற்குள் தேசியக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு வயது, அறுந்து தைத்த முட்டி, யாருக்கு வேண்டும்? தனியாகப் பயிற்சி செய்து, சின்னச் சின்னப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் விளையாடித் தரவரிசையில் ஏற முயன்றுகொண்டிருந்தாள். அதற்கு ஊர் ஊராகப் பறக்க வேண்டும். பழைய விளம்பரதாரர்கள் எல்லாம் நழுவிவிட்டார்கள். மிஞ்சியது ஷாம்பு கம்பெனி மட்டும்தான். அவர்களுக்கு முட்டியைப் பற்றிக் கவலையில்லை, முடி இருந்தால் போதும். தோளுக்கு மேலே முடியை வெட்டக்கூடாது என்பது ஒப்பந்தம். அவள் ஏறுகிற ஒவ்வொரு விமானமும் அந்த முடியில்தான் பறந்தது.

ஆக, ஆத்தாவுக்குச் சேர வேண்டிய முடிதான் அவளை மைதானத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. அது அங்கே போனால் இது போய்விடும். இதை எத்தனையோ விதமாக அம்மாவுக்கு விளக்கிப் பார்த்தேன்.

“சரிமா, பூமுடி குடுத்துடுவோம். மூனு வெரல் அளவு. எல்லாப் பொம்பளைங்களும் அதான் குடுக்குறாங்க.”

“வேண்டுனது மொட்ட. ஆத்தா என்ன பாசார் மாலாம்ல கட போட்டிருக்காளா, பேரம் பேச?”

“அப்ப சும்மா இருங்க. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.”

“நான் எங்க விட்டேன்? அந்தப் புள்ள முட்டிதான் பேசுது.”

இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சியூ மின் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அம்மா சோற்றைத் தள்ளி வைத்துவிடுவார். அவள் தோற்பதோ வாரம் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள் அழைத்தால் கைப்பேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். குற்றவாளி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, “நீ பேசு” என்று என்னிடம் நீட்டுவார்.

அதனால்தான் அவள் நேரிலேயே வந்துவிட்டாள். அன்று தோட்டத்துக் கோயிலில் சித்திரைத் திருவிழா. காலையில் நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. அவள் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தாள்.

“மா! ஏன் என் போனை எடுக்க மாட்றீங்க? நான் என்ன டுயிட்டா, காசா கேட்கப் போறேன்?”

அம்மா அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சியூ மின் பின்னாலேயே போனாள். முட்டியில் கறுப்புப் பட்டை. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொண்டை போட்டிருந்த முடி அவ்வளவு பெரிதாக இருந்தது. பாவம், தலைக்கு மேல் இன்னொரு தலையைச் சுமந்துகொண்டு திரிகிற மாதிரி.

“மா, எம்மேல கோபமா? தோத்துட்டே இருக்கேன்னு வெட்கமா இருக்கா உங்களுக்கு?”

அம்மா தோசைக் கல்லைப் பார்த்தபடி அழ ஆரம்பித்தார். எனக்கு அலுத்துவிட்டது. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? இவள் பெரிய ஊர்களெல்லாம் சுற்றியவள், விளையாட்டு மனோதத்துவ நிபுணரிடம் மாதம் தவறாமல் போகிறவள். கேட்டால் சிரிப்பாள், அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘அய்யோ மா’ என்பாள், இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நானே சொல்லிவிட்டேன். பேங்காக், வேண்டுதல், மஞ்சள் முடிச்சு, எல்லாவற்றையும்.

அவள் சிரிக்கவில்லை.

“பேங்காக்கா?” என்று கேட்டாள். “அந்த மேட்ச் பாய்ண்ட்லயா?”

அம்மா தலையாட்டினார்.

“எனக்கு அந்தப் பந்து ஞாபகம் இருக்கு. அவ அடிச்சிருக்க வேண்டிய பந்து. சும்மா தள்ளி விட்டாலே போதும். வலையில அடிச்சா. எனக்கே நம்ப முடியல.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். “நித்தி, அதுக்கப்புறம் நான் எத்தன பைனல் ஜெயிச்சிருக்கேன், சொல்லு?”

நான் யோசித்தேன். நிறைய இறுதி ஆட்டங்கள் ஆடியிருக்கிறாள். நாங்கள் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறோம். சொல்லுவதற்கு ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக அவள் ஆட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. உடம்பு லேசாகச் சிலிர்த்தது. அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

“சும்மா இருலா. ஒன் முட்டி நரம்பு அறுந்ததுக்கு டாக்டர் காரணம் சொல்லிட்டாரு.”

“டாக்டர் எப்படி அறுந்துச்சுன்னு சொன்னாரு. ஏன் அறுந்துச்சுன்னு சொல்லல.”

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அம்மா ஒரு பங்கு என்றால் இவள் பத்துப் பங்கு. எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும், இருந்தும் மறந்துபோனேன். இடது காலுறையை முதலில் போட்டால்தான் ஆட்டத்துக்கு இறங்குவாள். ஜெயித்த நாளில் தின்ற அதே மீ கோரேங் வேண்டும் என்று கோலாலம்பூரைச் சுற்றி வருவாள்.

“மம்மியும் எனக்காக வேண்டியிருக்காங்க, தோக்கோங்ல. அது கோழி. குடுத்து முடிச்சாச்சு,” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லமா? அன்னிக்கே எறக்கியிருப்பேன்லமா. நான் பத்து வருஷமா எங்க தப்பு எங்க தப்புன்னு வீடியோ போட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

தோசை கருகிக்கொண்டிருந்தது. யாரும் திருப்பவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். ஒப்பந்தம், அடுத்த மாதத்துப் போட்டிகள், கம்பெனி வழக்குப் போடுமா போடாதா, எல்லாவற்றையும் சொன்னேன். “மொட்டையடிச்சிட்டு எதுல போவ கோப்பன்ஹேகனுக்கு? பஸ்ஸுலயா?” என்று கேட்டேன். அவள் பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு வெளியே செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் எனக்குப் பழக்கப்பட்ட முகமாக இருந்தது. எதிராளி பந்தைப் போடுவதற்கு முன் மட்டையை உயர்த்திக்கொண்டு நிற்பாளே, அந்த முகம். முட்டி போனதிலிருந்து நான் அதைப் பார்க்கவில்லை. அம்மா முன் இருக்கையில் மடியில் கையை வைத்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் சண்டையில் மாட்டிய குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை உடைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. செம்பனைகளுக்கு நடுவில் கோயில் மட்டும் இருக்கிறது. அன்று கூட்டம் சேர்ந்திருந்தது. சியூ மின்னைக் கண்டதும் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அவள் எல்லாரோடும் சிரித்தாள். நான் அவளுக்கு முன்னால் போய்ப் பூசாரியைப் பிடித்தேன்.

“ஐயா, பூமுடி குடுத்தா வேண்டுதல் தீந்திடும்தானே?”

“தாராளமா. இப்ப எல்லாரும் அதான் குடுக்குறாங்க.”

“கேட்டீங்களாமா?” என்று திரும்பினேன். அம்மா எதிர்க்கப் போகிறார் என்று தயாராக இருந்தேன். அம்மாவோ பட்டென்று, “அப்ப பூமுடியே குடுத்திடுவோம். போதும். ஆத்தாவுக்குப் புரியும்,” என்றார். இரண்டு வருடமாக என் உயிரை வாங்கியவர், பலகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர், சியூ மின் மெய்யாகவே கொண்டையை அவிழ்த்ததும் அப்படியே குட்டிக்கரணம் அடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“பூமுடி வேணாம்,” என்றாள் சியூ மின். “பாதி குடுத்தா பாதி முட்டிதான் சரியாவும்.”

“ஏய், நீ ஒன் வேலையப் பாருடி! நான் வேண்டுனது, நான் மாத்திக்கிறேன்.”

“நீங்க வேண்டினீங்க. ஜெயிச்சது நான். நான் வாங்கிக்கிட்டதுக்கு நான்தானே குடுக்கணும்?”

அவள் நொண்டிக்கொண்டே குளியல் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். அங்கே அப்பளசாமி அண்ணன் பலகையைப் போட்டுக்கொண்டு முடியிறக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் இவளும் நின்றுகொண்டாள். எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாக.

அம்மாவும் நானும் தகரக் கொட்டகை நிழலில் நின்றோம். எனக்கு வெகுநாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று கேட்காமல் இருந்தேன். அன்று எல்லாமே கெட்டுப்போன பிறகு கேட்டால் என்ன என்று தோன்றியது.

“எனக்கு என்னமா வேண்டியிருக்கீங்க?”

“ஒனக்கா?” அம்மா என்னைப் புரியாமல் பார்த்தார். “ஒனக்கு என்னத்துக்குடி வேண்டணும்?”

“எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தப்பகூட ஒன்னும் வேண்டலயா?”

“நான்தான் பக்கத்துலயே இருந்தேன்ல. கஞ்சி வச்சுக் குடுத்தேன்ல. அவ எங்கயோ கண்காணாத ஊர்ல நின்னுகிட்டு இருந்தா. தண்ணி குடுக்கக்கூட நான் பக்கத்துல இல்ல. வேற என்னத்த நான் பண்றது?”

வருடக்கணக்காக வயிற்றெரிச்சல் பட்டதெல்லாம் கஞ்சியோடு போயிற்று. பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சியூ மின்னின் முறை வந்தது. பலகையில் உட்கார அவளால் முடியவில்லை. முட்டி மடங்கவில்லை. வலது காலை நேராக நீட்டிக்கொண்டு, இடுப்பைத் தாங்கித் தாங்கி இறங்கினாள். அப்பளசாமி அண்ணன் அவள் யாரென்று தெரிந்து தயங்கினார். “நெசமாவாம்மா?” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றினார். அவ்வளவு முடியும் நனைந்து கறுப்பாக முகத்தின் முன்னால் விழுந்து தரையைத் தொட்டது. அவர் கத்தியில் புதுப் பிளேடைச் சொருகினார்.

அம்மா பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்யா. விட்டுடு. ஆத்தா என்னைக் கேக்கட்டும். என் கண்ண வேணும்னாலும் எடுத்துக்கட்டும்.”

“விடுங்கமா,” என்றாள் சியூ மின், முடிக்குள்ளிருந்து.

“விட மாட்டேன். நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் தூக்கிட்டா நீ எங்க போயி வெளையாடுவ? நான் கெடுத்தேன்னு ஆயிடும்டி.”

“விடுங்கமா. நான் தோத்துத் தோத்துக் களைச்சிட்டேன். இதையாச்சும் முடிச்சிக்கிறேன்.”

அண்ணன் கத்தியை உயரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வரிசையில் இருந்த தாய்மார்களும் என்னைப் பார்த்தார்கள். நித்தியா படித்தவள், நித்தியா தடுப்பாள். காலையிலிருந்து அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். இன்றோடு அவள் ஆட்டம் முடிந்துபோகலாம் என்பதும் தெரியும். எல்லாம் சரிதான். ஆனால் பத்து வருடமாகக் காரணம் தெரியாமல் தோற்றவளுக்கு இன்று காலையில்தான் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஒரு கத்தியால் தீர்த்துவிடக்கூடிய காரணம். அதைப் பிடுங்கிக்கொண்டு அவளை மறுபடி அந்த வீடியோக்களிடமே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஆத்தாமேல் கோபம், அம்மாமேல் கோபம், ஷாம்பு கம்பெனிமேல் கோபம், இவள்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அந்தக் கோபத்தோடேயே போய் அம்மாவின் விரல்களை அண்ணனின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவை ஈரமாக, குளிர்ந்து போயிருந்தன. கடைசி விரல் வர மறுத்தது. இழுத்து எடுத்தேன்.

அண்ணன் உச்சியில் கத்தியை வைத்தார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அவ்வளவு வெளுத்த தலையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“நித்தி,” என்று கூப்பிட்டாள் சியூ மின். “எப்படி இருக்கு?”

“கேவலமா இருக்குலா,” என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கக் குனிந்தேன். அம்மா அதற்குள் அவள் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டிருந்தார். திருவிழாவுக்கென்று கட்டிக்கொண்டு வந்த புதுப் புடவையின் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அவள் தலைக்குக் கீழே ஏந்திப் பிடித்திருந்தார். கத்தி இறங்க இறங்க, தண்ணீர் சொட்டும் முடி கற்றை கற்றையாக அதில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதன் கனத்தில் அம்மாவின் கைகள் தாழ்ந்தன. அவர் மறுபடி மறுபடி தூக்கிப் பிடித்தார்.